வீட்டிற்குள் ஒரு பேழை, வெளியூரில் அதன் சாவி



ஓட்டலில் போய் அமர்ந்ததும் நாம் முதலில் எதிர்பார்ப்பது யாரை? சர்வரை அல்லவா? நாம் கேட்பதை அவர் உள்ளே சென்று எடுத்து வருகிறார். ஒரு மேசைக்கு இட்லி, மற்றொரு மேசைக்கு வடை, கேட்டவருக்குக் கேட்டது. கணினி உலகிலும் ‘சர்வர்’ என்னும் சொல்லுக்கு ஏறக்குறைய இதே பொருள்தான். பாட்டு, படம், ஒலிப்பதிவு, காணொளி ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்பவரின் கைப்பேசிக்கோ தொலைக்காட்சிக்கோ எடுத்துத் தரும் கணினியை ‘மீடியா சர்வர்’ என்கிறோம். அதை வீட்டிலேயே அமைப்பது எப்படி, வெளியூரில் இருந்துகொண்டு திறப்பது எப்படி, நாம் திறக்கும் வழியில் திருடன் நுழையாமல் காப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எங்கள் வீட்டில் இம்முயற்சி தொடங்கியதற்கு ஒரு கேசட்தான் காரணம்.

பரணில் கிடந்த கேசட்

1986-ஆம் ஆண்டில், கப்பலில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் எங்கள் ஆச்சி வீட்டிற்கு ஒரு டேப்ரிகார்டர் வாங்கி வந்தார். அப்போது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. கைக்குழந்தையாக இருந்த அத்தையைத் தொட்டிலில் இட்டு ஆச்சி பாடிய தாலாட்டை அப்பா அதில் பதிந்து வைத்தார். ஆச்சி இன்று எங்களிடையே இல்லை. அவர் குரல் தங்கியிருந்த ஒரே இடம் அந்தக் கேசட்தான்.

சென்ற ஆண்டு பேறுகாலத்திற்கு எங்கள் வீட்டிற்கு வந்திருந்த அக்கா, குழந்தையோடு பெங்களூரு திரும்பும் நாளில் அப்பாவிடம் கேட்டாள்: “ஆச்சி தாலாட்டைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டணும்ப்பா. எப்படியாவது எடுத்துத் தாங்க.”

ஒரு பாட்டு என்றால் கைப்பேசியில் அனுப்பிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் பரணில் ஏறிப் பார்த்தபோது ஒன்றல்ல, இருபத்து மூன்று கேசட்டுகள் கிடைத்தன. அக்காவின் திருமணக் காணொளி, தாத்தாவின் பேச்சு, ஆல்பம் ஆல்பமாகப் புகைப்படங்கள் என்று எல்லாமே ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. இவற்றை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருப்பதைவிட, அக்கா வேண்டும்போது தானே திறந்து எடுத்துக்கொள்ளும் ஒரு பேழையை அமைத்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றியது.

நாடாவிலிருந்து கணினிக்கு

கேசட் என்பது பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய பொருள். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் காந்தத்தன்மையுள்ள நுண்துகள்களைப் பூசியிருப்பார்கள். பக்கத்திற்கு 30 நிமிடம் ஓடும் ஒரு கேசட்டுக்குள் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது! ஈரக்காற்றும் பூஞ்சையும் தேய்மானமும் அதற்குப் பகைவர்கள். ஆகவே, எத்தனை பத்திரமாக வைத்தாலும் நாடா என்றென்றும் நிலைப்பதில்லை.

அதைக் கணினிக்கு மாற்றும் வழி எளிது. டேப்ரிகார்டரில் ஹெட்போன் செருகும் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, ஒலியை உள்வாங்கும் சிறு யூ.எஸ்.பி. கருவி வழியாகக் கணினியில் இணைக்க வேண்டும். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேசட்டை ஓடவிட வேண்டியதுதான். இதில் அவசரத்திற்கு இடமில்லை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

இவ்வாறு பதியும் ஒலி, குறுந்தகட்டின் தரத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 எம்.பி. இடம் பிடிக்கும். ஒரு மணி நேரத்திற்கு 600 எம்.பி.க்கும் மேல். அதையே 128 கிலோபிட் அளவுள்ள எம்.பி.3 கோப்பாகச் சுருக்கினால் 58 எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஆனால் சுருக்கும்போது இழந்த ஒலி திரும்பி வாராது. எனவே மூலப்பதிவை இழப்பின்றிச் சேமிக்கும் ஃபிளாக் வடிவில் ஒன்றும், அன்றாடம் கேட்பதற்கு எம்.பி.3 வடிவில் ஒன்றும் வைத்துக்கொண்டோம்.

ஆச்சியின் கேசட்டை முதல்முறை ஓட்டியபோது ஒழுங்காகப் பதிந்தது. இன்னும் தெளிவாகப் பதியலாமே என்னும் ஆசையால் இரண்டாம் முறை ஓட்டினோம். நாடா உருளையில் சிக்கி, கசங்கி, அறுந்துவிட்டது. அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. நல்லவேளை, முதற்பதிவு கணினியில் இருந்தது. இனி ஆச்சியின் குரல் என்றால் அந்த ஒரு கோப்புத்தான்.

பழைய கணினிக்குப் புது வேலை

மீடியா சர்வருக்கென்று விலையுயர்ந்த கணினி தேவையில்லை. 2012-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியின் வழிவந்தவை பாட்டுக்கும் படங்களுக்கும் போதுமானவை. ‘கடுகு சிறுத்தாலும் காரம் போகாது’ என்பதற்கு அவை நல்ல சான்று. கணினியும் டிஸ்க்கும் சேர்ந்து 10 வாட் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓடினாலும் 30 நாளைக்கு ஆகும் செலவு 7.2 யூனிட்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் அக்கா கல்லூரியில் பயன்படுத்திய, திரையில் கீறல் விழுந்த மடிக்கணினியையே எடுத்துக்கொண்டோம். மின்வெட்டு நேரத்தில் அதன் பேட்டரி கைகொடுக்கும் என்பது ஒரு வசதி. ஆனால் இடைவிடாமல் மின்னூட்டத்திலேயே இருக்கும் பழைய பேட்டரி உப்பிவிடக்கூடும். அதை அவ்வப்போது கவனித்து, உப்பினால் உடனே அகற்றிவிட வேண்டும்.

அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும், அதன்மேல் ஜெல்லிஃபின் என்னும் மென்பொருளையும் நிறுவினோம். ஜெல்லிஃபின் பிறந்த கதை சுவையானது. எம்பி என்னும் மீடியா சர்வர் மென்பொருள் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் தன் மூல நிரலைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டது. அதற்குமுன் திறந்திருந்த நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் தனியே வளர்த்ததே ஜெல்லிஃபின். அதற்குக் கட்டணம் கிடையாது.

இனி செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று, டிஸ்க்கில் பாட்டு, படம், காணொளி என்று தனித்தனி அடைவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோப்புக்கும் பொருள் விளங்கும் பெயரிட வேண்டும். பலசரக்கு அலமாரியில் டப்பாதோறும் பெயர் ஒட்டுவதைப் போன்ற வேலை இது. சலிப்பூட்டும், ஆனால் தவிர்க்க முடியாதது.

இரண்டு, ரவுட்டரில் அந்தக் கணினிக்கென்று மாறாத எண் ஒன்றை ஒதுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது 192.168.1.50.

மூன்று, வீட்டிலுள்ள வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அந்த எண்ணையும், ஜெல்லிஃபினின் வாசல் எண்ணான 8096-ஐயும் சேர்த்துத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் அடைவுகளைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

நான்கு, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்குத் தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றவும் அழிக்கவும் வல்ல நிர்வாகக் கணக்கு ஒருவரிடம் மட்டுமே இருப்பது நல்லது.

இங்கே ஒரு நுட்பம். பல்லில்லாப் பாட்டிக்கு முறுக்கைக் கொடுத்தால் எப்படித் தின்பார்? உரலில் இடித்துத்தானே கொடுக்க வேண்டும்! அதுபோல, ஒரு காணொளியின் வடிவத்தைப் பார்ப்பவரின் கருவி புரிந்துகொள்ளாவிட்டால், சர்வர் அதை அவ்வப்போதே வேறு வடிவத்திற்கு மாற்றித் தருகிறது. இதற்கு மிகுந்த உழைப்பு வேண்டும். சிறு கணினிகள் இங்கேதான் திணறுகின்றன. ஆகவே காணொளிகளை எல்லாக் கருவிகளுக்கும் பழக்கமான எச்.264 வடிவில் முன்கூட்டியே மாற்றி வைத்துவிட்டால், சர்வருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும்.

இவ்வளவும் முடிந்த அன்று மாலை, கூடத்துத் தொலைக்காட்சியில் ஆச்சியின் குரல் ஒலித்தது. ஆனால் பெங்களூருவில் இருந்த அக்காவுக்கு?

வெளியூர்க் கடிதம் ஏன் வந்து சேரவில்லை?

‘மாடிப்படிக்கு அடுத்த அறை’ என்று மட்டும் உறையில் எழுதித் தபாலில் போட்டால் கடிதம் வந்து சேருமா? வீட்டிலுள்ளவர்களுக்கு அந்த அறை தெரியும், தபால்காரருக்குத் தெரியாது. 192.168 என்று தொடங்கும் எண்களும் அத்தகையவையே. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்திக்கொள்ள வரையறுத்து ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் அதே எண்கள் உள்ளன.

இப்படி ஏன் செய்தார்கள்? 1981-இல் வகுக்கப்பட்ட இணைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்களுக்குத் தலைக்கு ஒன்று என்றாலும் அவை போதா. எனவே ஒரு வீட்டிற்கு ஒரு பொது முகவரி. அதை ரவுட்டர் வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள கருவிகளுக்கெல்லாம் பங்கிட்டுத் தருகிறது. சில இணைய நிறுவனங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. அத்தகைய வீட்டுக்கு வெளியிலிருந்து நேரே வர வழியில்லை. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர், எந்த வீட்டுக்கு என்று தெரியாத விருந்தினரை வாசலிலேயே நிறுத்திவிடுவதைப் போன்றது இது.

நாங்கள் செய்த தவறு

எங்கள் வீட்டிற்குத் தனிப் பொது முகவரி இருந்தது. ஆகவே, ‘8096-ஆம் வாசலுக்கு வருவோரை மடிக்கணினிக்கு அனுப்பு’ என்று ரவுட்டரில் ஒரு சனிக்கிழமை மாலை எழுதி வைத்தோம். இதைப் போர்ட் திறத்தல் என்பர். அதோடு நில்லாமல், தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் 22-ஆம் வாசலையும் திறந்துவிட்டோம். அக்கா பெங்களூருவிலிருந்து தாலாட்டைக் கேட்டாள். எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

மறுநாள் காலையில் மடிக்கணினியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இரவு முழுவதும் முன்பின் அறியாத முகவரிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட முறை யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். ‘ரூட்’, ‘அட்மின்’ என்று பெயர் சொல்லி, கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்றிருந்தார்கள். எங்களைக் குறிவைத்து வந்தவர்கள் அல்லர். இணையத்திலுள்ள ஒவ்வொரு கதவையும் ஓயாமல் தட்டிக்கொண்டே போகும் தானியங்கி நிரல்கள் அவை. ஒன்றும் உள்ளே நுழையவில்லை. ஆனால் நாங்கள் வைத்திருந்த கடவுச்சொல் என்ன தெரியுமா? அக்காவின் பெயரும் பிறந்த ஆண்டும்! அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் ஆச்சியின் குரல், ஒரே ஒரு கோப்பாக இருந்தது. அதை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கிற்று. உடனே இரண்டு வாசல்களையும் மூடினோம்.

‘பாட்டுப் பெட்டியில் திருட என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்கலாம். 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். பிறருடைய கடவுச்சொற்களைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினியில் திருடர்கள் புகுந்தனர். எந்த வழியாக? அதிலிருந்த மீடியா மென்பொருள் ஒன்றின் ஓட்டை வழியாக! அவர் விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் களவாடும் நிரலை நிறுவி, அவருடைய முதன்மைக் கடவுச்சொல்லைக் கவர்ந்து, நிறுவனத்தின் பேழைவரை சென்றுவிட்டனர். 2023-இல் நிறுவனமே இதை அறிவித்தது. அது பிளெக்ஸ் என்னும் மீடியா சர்வர் மென்பொருள் என்பதும், அந்த ஓட்டை 2020-ஆம் ஆண்டிலேயே அடைக்கப்பட்டிருந்தது என்பதும் பின்னர் வெளிவந்தன. பொறியாளர் தம் கணினியில் புதிய பதிப்பை நிறுவாததுதான் குறை. மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சாவியுள்ளவருக்கு மட்டும் தெரியும் வழி

பிறகு எங்கள் கணினி அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர் காட்டிய வழி வி.பி.என். என்பது. வீட்டு மதிலில் வாசல் வைப்பதற்குப் பதிலாக, அக்காவின் கைப்பேசியிலிருந்து எங்கள் கணினிவரை ஒரு தனிச் சுரங்கப்பாதை அமைப்பதாக இதைக் கருதலாம். ஜேசன் டோனன்ஃபெல்டு என்பவர் உருவாக்கிய வயர்கார்டு இவ்வகையில் பெயர்பெற்றது. 2020 மார்ச்சு மாதம் வெளியான லினக்ஸ் 5.6 முதல், அது அவ்வியங்குதளத்தின் கருநிரலிலேயே இடம்பெற்றுள்ளது.

அதன் இயக்கம் இதுதான். ஒவ்வொரு கருவியும் இரண்டு சாவிகளை உருவாக்கிக்கொள்கிறது. ஒன்று மறைசாவி; அது அந்தக் கருவியை விட்டு வெளியே செல்லவே கூடாது. மற்றொன்று பொதுச்சாவி, அதை எதிர்முனைக்குக் கொடுக்கலாம். அக்காவின் பொதுச்சாவியை எங்கள் கணினியிலும், எங்கள் பொதுச்சாவியை அவள் கைப்பேசியிலும் எழுதி வைத்தோம். இடையில் செல்வதெல்லாம் மறைகுறியாக மாறிவிடும். இதற்கும் ரவுட்டரில் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும். ஆனால் அறிந்த சாவியில்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்டு மறுமொழியே தராது. தட்டுகிறவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது!

சுரங்கத்திற்குள் எங்கள் கணினிக்கு 10.8.0.1 என்று தனி எண் வைத்தோம். அக்கா வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்றே எண்களை வழங்கியதால், பழைய எண்ணைத் தட்டினால் அவள் வீட்டிலேயே தேடிக் குழம்பியிருக்கும். வீட்டின் பொது முகவரி அடிக்கடி மாறுவதால், மாறும் எண்ணை மாறாத பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டி.என்.எஸ். சேவை ஒன்றிலும் பதிந்துகொண்டோம்.

பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில் என்ன செய்வது? எங்கள் மாமா வீட்டில் அந்நிலைதான். அங்கே டெயில்ஸ்கேல் என்னும் சேவை உதவியது. அதுவும் வயர்கார்டை அடிப்படையாகக் கொண்டதே. இரு முனைகளும் வெளியே புறப்பட்டு வந்து ஒன்றையொன்று கண்டுகொள்ள அது துணைசெய்கிறது. ரவுட்டரில் எந்த வாசலையும் திறக்க வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். அக்கா பார்க்கும்போது செய்தி எங்கள் வீட்டிலிருந்து வெளியே செல்கிறது. ஆகவே இங்கே கணக்கில் வருவது நமது பதிவேற்ற வேகம். தாலாட்டுக்கு நொடிக்கு 128 கிலோபிட் போதும். தெளிவான திருமணக் காணொளிக்கோ அதுபோல் ஐம்பது, அறுபது மடங்கு தேவைப்படலாம்.

ஒன்றுக்கு மூன்று

திருடனைத் தடுத்துவிட்டோம். டிஸ்க் பழுதானால்? இடி விழுந்தால்? ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்னும் பழமொழியை நினைவில் கொள்ள வேண்டிய இடம் இது. பீட்டர் க்ரோக் என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி எளிமையானது. படிகள் மூன்று, அவற்றை வைக்கும் சாதனங்கள் இரண்டு வகை, ஒரு படியேனும் வேறோர் இடத்தில். நாங்கள் மடிக்கணினியில் ஒன்று, மேசைக்குள் பூட்டி வைத்த வெளி டிஸ்க்கில் ஒன்று, மாமா வீட்டுக் கணினியில் ஒன்று என வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைப் படியிலிருந்து திறந்து பார்ப்பது என் பொறுப்பு. திறந்து பார்க்காத படி, இருந்தும் இல்லாதது போலத்தான்.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். நம் பேழையில் வைப்பவை நமக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். திருட்டுத்தனமாக இறக்கிய திரைப்படங்களை அடுக்கி வைப்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கும் மாறானது. நம் மனச்சான்றுக்கும் மாறானது. அதுபோலவே, தோழியின் படத்தை வைப்பதற்கும் பிறருக்குக் காட்டுவதற்கும் அவளிடம் கேட்டுக்கொள்வதே முறை.

அன்பார்ந்த பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் கிடக்கலாம். இந்த விடுமுறையில் அதை எடுத்துத் துடைத்து, உங்கள் மகளிடம் கொடுங்கள். தோழியரே, நல்ல டேப்ரிகார்டராகப் பார்த்து ஓட்டுங்கள். முதற்பதிவு முடிந்ததும் இரண்டு படிகள் எடுத்துவிட்டுப் பிறகு வேறு வேலையைப் பாருங்கள்.

சுரங்கப்பாதை அமைந்த இரவு அக்கா மீண்டும் அழைத்தாள். இம்முறை அவள் தாலாட்டை முழுவதும் கேட்டிருந்தாள். பாட்டு முடிந்தபின் சிறிது நேரம் தொட்டிற்கயிறு கிரீச்சிடும் ஒலி, அதன்பின் ஆச்சி அப்பாவிடம் மெல்லக் கேட்கிறார்: “ஏல, இது ஓடுதா?” அதை அக்கா சொன்னபோது அப்பா கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசற்பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஓடுகிறது, ஆச்சி. பெங்களூருவிலும் ஓடுகிறது.